ஐம்பது ஹேர்ட்ஸ் சுருதி

யாழ்ப்பாணத்தில் 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் கறண்ட் இல்லை. அதனால் எங்கள் வீட்டு றேடியோவில் கறண்டின் உறுமலும் இல்லை. அந்த யுத்தம் செய்த நன்மை என்று ஒன்றைச் சொல்லித்தான் தீரவேண்டும் என்று யாராவது கழுத்தைப் பிடித்தால் இதைச் சொல்லலாம். இன்று பிரான்சில், பாரிஸுக்கு வெளியே செவ்ரானில், ஐந்தாம் மாடியில், எந்தச் சுவர்ப் பக்கம் திரும்பினாலும் 230 வோல்ற் இருக்கிறது. கூடவே அந்த உறுமலும் வாடகையில்லாமல் குடிவந்திருக்கிறது.

பெரிய சத்தம் என்று சொல்லமுடியாது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், ஸ்பீக்கரில் காதை வைத்தால் 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் ஒரு இழுப்பு. காதை வைக்காதவருக்குக் கேட்காது. ஒருமுறை வைத்துவிட்டவருக்குப் பக்கத்து அறையில் படுத்தாலும் கேட்கும். மனுசி அப்படி ஒரு சத்தத்தைத் தான் கேட்டதேயில்லை என்கிறா. மகளுக்குக் கேட்கிறது, அப்பா அதைப் பற்றிக் கதைப்பதைவிட அது பரவாயில்லையாம்.

அதற்கு ஒரு சுருதி உண்டு. வீட்டுக்கு வரும் கறண்ட் செக்கனுக்கு ஐம்பது தரம் முன்னும் பின்னுமாக அசைகிறது. அந்த அசைவுதான் ஸ்பீக்கருக்குள் புகுந்து உறுமுகிறது. இலங்கையிலும் ஐம்பது, பிரான்சிலும் ஐம்பது. பாஷை, காலநிலை, சாப்பாட்டு நேரம், பெயரை உச்சரிக்கும் விதம் எல்லாம் மாறிப்போன பிறகும் மாறாமல் கூட வந்தது இந்தச் சுருதி ஒன்றுதான். கனடாவுக்குப் போன மச்சானுக்கு இந்தக் கொடுப்பினையும் இல்லை. அங்கே அறுபது ஹேர்ட்ஸ். அவருடைய அம்ப்ளிபயர் என்னுடையதைவிட ஒன்றரைக் கட்டை மேலே நின்று உறுமுகிறது. அதிலும் அவருக்கு ஒரு பெருமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் வளவுக்கு றேடியோ வந்தது அப்பப்பா காலத்தில். வால்வு றேடியோ. திருகியவுடன் பாடாது, உள்ளே வால்வுகள் சிவந்து சூடேறும்வரை குடும்பமே அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். இரண்டு கமுகுகளுக்கு நடுவே பீங்கான் குமிழ்கள் வைத்து இழுத்துக் கட்டிய ஏரியல் கம்பி ஒன்று. இன்னொரு கம்பி றேடியோவின் முதுகால் இறங்கி, யன்னலால் வெளியே போய், கிணத்தடியில் அடித்திருந்த இரும்புக் குழாயில் முடியும். அதுதான் எர்த். பங்குனி, சித்திரையில் நிலம் காய்ந்தால் கொழும்பும் காய்ந்துபோகும். "டேய், எர்த்துக்குத் தண்ணி ஊத்து!" என்று அப்பப்பா விறாந்தையிலிருந்து குரல் கொடுப்பார். வாளியோடு ஓடுவது என் உத்தியோகம். ஊற்றினால் வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா இன்னும் தெளிவாகக் கதைப்பார் என்பது அவருடைய நம்பிக்கை. பௌதிகமும் அவர் பக்கம்தான் நின்றது: ஈரமண் மின்னைக் கடத்தும், காய்ந்த மண் கடத்தாது. அந்தத் தண்ணீரில் கூடுதலான இலாபம் பார்த்தது குழாய்க்குப் பக்கத்தில் நின்ற கதலி வாழை.

ஒரு வீட்டுக்கு ஒரு எர்த். அது போதுமா போதாதா என்ற கவலை மட்டும்தான் அன்றைக்கு. எர்த் கூடிப்போய்விட்டது என்று ஒருவர் கவலைப்படுவார் என்று அப்பப்பாவிடம் சொல்லியிருந்தால், வெயிலுக்கை திரியாதை என்று சொல்லியிருப்பார்.

பிறகு கசற் வந்தது. நகரத்து றெக்கோடிங் பாரில் பாட்டு லிஸ்ற் எழுதிக் கொடுத்து ஒரு கிழமை காத்திருந்தால் பதிந்து தருவார்கள். கொப்பியின் கொப்பியின் கொப்பி அது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஒரு பிடி கூடும். வசதியான வீட்டு டெக்குகளில் டொல்பி என்று எழுதிய பொத்தான் இருக்கும். டொல்பியோடு பதியாத கசற்றில் அதை அமத்தினால் இரைச்சலும் போகும், சல்லாரியும் போகும், பாடகிக்குத் தடிமன் பிடித்ததுபோலக் கேட்கும். ஆனாலும் விருந்தாளி வந்தால் அந்தப் பொத்தானை அமத்திக் காட்டாமல் விடமாட்டார்கள்.

கறண்ட் நின்றபின் நடந்ததுதான் சொல்லத்தக்கது. பற்றிகள் குடாநாட்டுக்குள் வரத் தடை. இருந்த பழைய பற்றிகளை வெயிலில் காயவைத்து, கடைசி மூச்சையும் கறந்தோம். அதுவும் முடிந்தபோது சைக்கிள் டைனமோ றேடியோவுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின் சில்லுக்கு டைனமோவைச் சாய்த்துவிட்டு ஒருவர் உழக்கவேண்டும். ஆறு வோல்ற், மூன்று வாற். சைக்கிள் லைற்றுக்கு என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டுச் செய்த மின்சாரத்தில் ஒரு ஒழுங்கையே உலகச் செய்தி கேட்டது.

டைனமோ தருவது பற்றியினுடையதுபோல நேரான மின்னோட்டம் அல்ல; வீட்டுக் கறண்டைப் போல முன்னும் பின்னுமாக அசைவது. நாலு டயோட்டைச் சேர்த்து அதை ஒருபக்கமாகத் திருப்பவேண்டும். அதற்குப் பிறகும் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும்; பள்ளத்தை நிரப்ப ஒரு கபாசிற்றர் வேண்டும். கபாசிற்றர் பெரிதாக இருந்தால் உறுமல் குறையும். பெரியது வேண்டுமென்றால் யாராவது ஒருவருடைய செத்த அம்ப்ளிபயரைத் திறக்கவேண்டும். எங்கள் ஒழுங்கையில் பொடியன்கள் ஓம்ஸ் விதியைப் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, இந்தப் பிணப் பரிசோதனைகளில்தான்.

வீட்டுக் கறண்டின் உறுமல் ஐம்பதில் நிற்கும், ஆடாது, அசையாது. டைனமோ உறுமல் உழக்குபவனுடைய மனநிலையைப் பொறுத்தது. இரவு ஒன்பதேகாலுக்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. தலைப்புச் செய்தியில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் வந்தால் உழக்குபவனுக்குக் கால் தானாக வேகம் எடுக்கும்; உறுமலும் மேலே ஏறும். செய்தி வாசிக்கும் ஆனந்தி அக்காவின் குரலுக்கு அடியில் அந்தச் சுருதி ஏறி இறங்கும்போதே செய்தி நல்லதா கெட்டதா என்று, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அரைகுறையாகக் கேட்பவர்களுக்கும் விளங்கிவிடும். "மெதுவா உழக்கடா, விளங்கேல்லை" என்று அம்மா சொல்லுவா. மெதுவாக உழக்கினால் லண்டன் தேய்ந்து போகும். இதற்கு மேலே சிற்றலைக்கே உரிய ஏற்ற இறக்கம்; வானத்தின் மேலடுக்கில் பட்டுத் தெறித்து வரும் அலை, அந்த அடுக்கு அசைந்தால் தானும் அசையும். பக்கத்து நிலையத்தின் 'உய்ய்' வேறு. மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலிக்கும் இதே கதி.

இத்தனைக்குள்ளும் ஒரு சொல் தவறாமல் கேட்டோம். எத்தனை பேர், எந்த ஊர், எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. இன்றைக்கு இருக்கும் கருவிகளின் கணக்குப்படி பார்த்தால் அந்த ஒலி கேட்கத் தகுதியானதே அல்ல. அப்போது யாரும் அளக்கவில்லை. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 1941 இல் தொடங்கி 2017 ஏப்ரல் 30 இல் நின்றது. நின்ற அன்று எனக்குச் செய்தி வந்தது கைத்தொலைபேசியில், சுத்தமான எழுத்தில், உறுமலேயில்லாமல்.

செவ்ரானைப் பற்றி ஒரு சொல். பாரிஸில் எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போகும் எங்கள் ஆட்களுக்கு இது ஆர்.ஈ.ஆர். பி ரயில் பாதையில் வரும் இரண்டு தரிப்புகள், அவ்வளவுதான். உண்மையில் சத்தத்தின் சரித்திரத்தில் இதற்குப் பெரிய இடம் உண்டு. 1873 இலிருந்து 1973 வரை இங்கே அரசாங்கத்தின் வெடிமருந்துத் தொழிற்சாலை இயங்கியது. இன்று அது பூங்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம் அங்கே பாய் விரித்துப் புரியாணி சாப்பிடுகிறது. அல்பிரட் நோபலுக்கும் செவ்ரானில் ஓர் ஆய்வுகூடம் இருந்தது. 1887 இல் அவர் காப்புரிமை பெற்ற பலிஸ்டைட், புகையில்லாத வெடிமருந்து. புகையை எடுத்துவிட்டார். சத்தத்தை எடுப்பதற்கு அவருக்கும் வழி தெரியவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

எனக்கு அம்ப்ளிபயர் ஆசை வந்தது வயது போன பிறகு. வந்த புதிதில் லாச்சப்பலில் கசற் கடைகளும் படக்கொப்பி வாடகைக் கடைகளும் நிறைந்திருந்தன. போபூர் சென் டெனி வீதியில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு ஸ்பீக்கர் வாசலில். ஒரு கடையின் சீர்காழி அடுத்த கடையின் ஜானகியோடு மோதும். மேலே இரும்புத் தூண்களில் இரண்டாம் இலக்க மெற்றோ கடகடத்துக்கொண்டு போகும். அதற்குள் நின்று பேரம் பேசி, கசற்றையும் ஒரு சின்னப் பெட்டியில் கேட்டுப் பார்த்து வாங்கினோம். இரைச்சல் இருக்கிறதே என்று எவரும் கடைக்காரரோடு சண்டை பிடித்ததாக நினைவில்லை. இப்போது அந்தக் கடைகள் போனும் புடவையும் நகையும் விற்கின்றன. பாட்டு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. கடைசியில் என்னைப் போன்ற சிலர் மட்டும் பழஞ்சாமான் சந்தையில் இசைத்தட்டு வாங்கித் திரிகிறோம்.

இசைத்தட்டு, தட்டுச் சுழற்றி, கனமான ஒரு பழைய அம்ப்ளிபயர், ஆள் உயரத்தில் பாதி வரும் இரண்டு ஸ்பீக்கர். வாங்கி, ரிவியோடும் சேர்த்துக் கட்டி, இளையராஜாவின் முதல் தட்டை வைத்தேன். ஊசி இறங்குவதற்கு முன்பே 'ம்ம்ம்'.

வைத்தியர்கள் வந்தார்கள். முதல் வந்தவர் எங்கள் ஆட்களிலேயே சுத்த ஒலிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பக்கத்து நகரத்தில் இருக்கிறார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிஷம் உறுமலைக் கேட்டார். பிறகு வயர்தான் பிழை என்றார். அவர் சொன்ன வயர் ஒரு மீற்றர் என் ஒரு மாதக் கறண்ட் பில். செம்பு சுத்தமாக இருந்தால் போதாது, அது ஓடும் திசையும் சரியாக இருக்கவேண்டும் என்றார். அம்ப்ளிபயருக்குக் கீழே கருங்கல் பலகை வைத்தால் இன்னும் நல்லது என்றார். ஊரில் கருங்கல் வைத்தது அம்மிக்கும் சாமிக்கும்தான். மனுசி உள்ளே இருந்து, "கல்லை ஆர் அஞ்சாம் மாடிக்குத் தூக்கிறது?" என்று கேட்டா. வைத்தியம் அந்தக் கேள்வியோடு நின்றது.

அடுத்தவர் இங்கே கல்யாண மண்டபங்களுக்கும் பூப்புனித நீராட்டு விழாக்களுக்கும் சவுண்ட் போடுகிற அண்ணை. ஊரில் இவர் கோயில் திருவிழாக்களில் பனையில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர். லைற் எஞ்சினின் 'டப டப' ஒருபக்கம், மேளக்கச்சேரி மறுபக்கம், நடுவில் மைக் கூவாமல் பார்த்துக்கொண்ட காது அவருடையது. அவர் கண்ணை மூடவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே அலுமாரிக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

"தம்பி, சத்தத்தைக் கூட்டும்."

கூட்டினேன்.

"உறுமலும் கூடுதோ?"

"ஓம் அண்ணை."

"அப்ப வருத்தம் வொலியூம் குமிழுக்கு முன்னால இருக்கு. கூட்டேக்கை கூடாமல் ஒரே மாதிரி நிண்டா அதுக்குப் பின்னால. உள்ளுக்கை கபாசிற்றர் காய்ஞ்சிருக்கும். அது நூறிலை உறுமும், இதைவிடக் கொஞ்சம் மெல்லிசாக் கேக்கும். இது அதில்லை."

தட்டுச் சுழற்றியின் வயரைக் கழற்றினார், உறுமல் நின்றபாடில்லை. அதிலிருந்து வரும் மெல்லிய எர்த் கம்பி அம்ப்ளிபயரின் முதுகில் இறுக்கியிருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. அது இறுகாவிட்டால் வருகிற உறுமல் இதைவிட மோசம், பாட்டையே மூடிவிடும் என்றார். பிறகு ரிவியிலிருந்து வந்த வயரைக் கழற்றினார். அறை அமைதியாகிவிட்டது. திரும்பச் செருகினார், உறுமல் திரும்ப வந்தது. இம்முறை ரிவிக்குப் பின்னால் கையை விட்டு, சுவரிலிருந்து வரும் அன்ரெனா வயரை மட்டும் உருவினார். ரிவி அம்ப்ளிபயரோடு இணைந்தே இருக்கிறது, உறுமல் இல்லை.

"பிடிபட்டுதோ? உம்மட வீட்டிலை எர்த் கூடிப் போச்சு."

அம்ப்ளிபயருக்குச் சுவர்ச் சொக்கற்றில் ஒரு எர்த். கூரையில் இருக்கும் பொது அன்ரெனாவிலிருந்து இறங்கி வரும் வயருக்குக் கட்டடத்தின் மறுபக்கத்தில் இன்னொரு எர்த். இரண்டும் கடைசியில் ஒரே மண்ணுக்குள்தான் இறங்குகின்றன. ஆனால் வெவ்வேறு வழியால் இறங்குவதால் இரண்டுக்கும் இடையில் மிகச் சிறிய வோல்ற் வித்தியாசம் இருக்கும். தனித்தனியே இருந்தால் பிரச்சினை இல்லை. ரிவியையும் அம்ப்ளிபயரையும் ஒரு வயரால் இணைத்த நேரமே வட்டம் ஒன்று பூர்த்தியாகிறது. அந்த வட்டத்தில் ஐம்பது ஹேர்ட்ஸ் சுற்றத் தொடங்குகிறது, அதுவும் பாட்டு வரும் வயரின் வெளிப்பின்னல் வழியாக. அம்ப்ளிபயருக்கு எது பாட்டு, எது கறண்ட் என்று தெரியாது. அது வந்ததையெல்லாம் பெருப்பித்து விடுகிறது.

அறையில் கவிதை எழுதும் நண்பர் ஒருவரும் இருந்தார். இரண்டு மண்ணோடு தொடுப்பு வைத்திருப்பவனுக்குள் ஓயாத ஒரு உறுமல் என்று அவர் வெளிக்கிட்டுவிட்டார். நான் அவருடைய கையில் ரோர்ச் லைற்றைக் கொடுத்து அண்ணைக்குப் பிடிக்கச் சொன்னேன்.

அண்ணை இரண்டு வேலை செய்தார். எல்லாச் சாமானையும் ஒரே நீட்டு வயர்ப் பலகையில், ஒரே சுவர்ச் சொக்கற்றிலிருந்து எடுக்க வைத்தார். அன்ரெனா வயருக்கு நடுவில் செருக, விரல் நீளத்தில் ஒரு தனிமைப்படுத்தி வாங்கச் சொன்னார். அது படத்தை விடும், எர்த்தை விடாது. பதினைந்து ஈரோவுக்குள் முடிந்தது. ரிவியிலிருந்து ஒளியிழை வயரால் ஒலியை எடுத்தாலும் இதே பலன்தான். வெளிச்சம் எர்த்தைக் காவாது. என் அம்ப்ளிபயரில் அதற்கு வாசல் இல்லை, அது அந்தக் காலத்து ஆள். தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும்தான் அண்ணை எடுத்த கூலி.

இது முடிந்த பிறகுதான் மற்றச் சத்தங்கள் தங்கள் முறைக்கு வரிசையில் நிற்பது தெரிந்தது. மேசையில் கிடந்த பழைய போனுக்கு அழைப்பு வருமுன்னே ஸ்பீக்கர் 'டிக்கி டிக்கி டிக்கி' என்று அறிவிக்கும். அந்தக் கால ஜிஎஸ்எம் போன் செக்கனுக்கு 217 தரம் விட்டு விட்டு அனுப்பும் அலை அது. அதற்கு மருந்து போனைத் தூர வைப்பது. சமையலறை மங்கல் சுவிட்சைப் பாதியில் வைத்தால் ஒரு கரகரப்பு. முழுதாகப் போட்டால் போய்விடும். மனுசிக்கு முழு வெளிச்சத்தில் சாப்பிடப் பிடிக்காது. அது பற்றி வீட்டில் ஒரு உடன்படிக்கை இருக்கிறது.

இன்னொன்று கொஞ்சம் பேய்க்கதை. மீற்றர் மாற்றுவதற்கு முந்திய வருஷங்களில், இரவில் ஒரே நேரத்தில், அம்ப்ளிபயர் விட்டு விட்டு முனகும். ஒன்றரை நிமிஷத்துக்கு மேலே நீடித்துத் தானாகவே அடங்கும். ஐம்பதும் இல்லை, நூறும் இல்லை, வேறு சுருதி. மனுசி இதை மட்டும் கேட்டா. விபூதி பூசச் சொன்னா. விஷயம் இதுதான்: பிரான்சில் இரவில் கறண்ட் மலிவாகும் நேரம் உண்டு. அந்த நேரம் தொடங்கிவிட்டது என்று வீட்டு மீற்றர்களுக்கும் சுடுதண்ணி போயிலர்களுக்கும் சொல்ல, கறண்ட் கம்பியிலேயே 175 ஹேர்ட்ஸில் ஒரு குறியைப் பல பத்தாண்டுகளாக அனுப்பி வந்தார்கள். ஐம்பதின் முதுகில் ஏறி வந்த அந்தக் குறியைத்தான் என் அம்ப்ளிபயர் ஒட்டுக்கேட்டது. சுடுதண்ணி மலிவாகப் போகிறது என்பதற்கு எனக்கு ஒரு தனி அறிவிப்பாளர் இருந்தார். 2015 இன் முடிவிலிருந்து வீடு வீடாக மாட்டிய லிங்கி மீற்றருக்கு இந்தக் குறி தேவையில்லை. அது காதுக்கு எட்டாத உயரத்தில், பத்தாயிரக்கணக்கான ஹேர்ட்ஸில் பேசிக்கொள்கிறது. உறுமல், தலையிடி, நித்திரையின்மை எல்லாவற்றையும் லிங்கியின் தலையில் போடுபவர்கள் எங்கள் கட்டடத்தில் இருக்கிறார்கள். என் வீட்டில் முனகியது பழைய ஏற்பாடு; லிங்கி வந்த பிறகு அது நின்றது என்பதே உண்மை.

இப்படி ஒவ்வொன்றாகப் போய், ஒரு சனிக்கிழமை இரவு முழுச் சுத்தம் கிடைத்தது. வொலியூமைக் கடைசிவரை திருகி, பாட்டுப் போடாமல், ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்து கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. கேட்டது குளிர்பெட்டி. பிறகு தண்ணீர்க் குழாய். பிறகு லிப்ற். பிறகு ஆர்.ஈ.ஆர். பி. லாச்சப்பலில் இருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் கார் டு நோர் நிலையத்தில் அந்த ரயில் 1500 வோல்ற் நேர் மின்னோட்டத்தை விட்டுவிட்டு 25,000 வோல்ற் மாறு மின்னோட்டத்துக்கு மாறுகிறது. அதுவும் ஐம்பது ஹேர்ட்ஸ்தான். அதற்கும் மேலே சார்ல் டு கோல் விமானங்கள். இத்தனையையும் இதுவரை என் உறுமல் மறைத்து வைத்திருந்தது.

சரி, இனிப் பாட்டுப் போடுவோம் என்று போட்டேன். கீழ்வீட்டிலிருந்து துடைப்பத்தால் கூரையில் இடித்தார்கள். நேரம் பத்தேகால். இந்த நாட்டில் இரவுச் சத்தத்துக்கு அபராதம் 68 ஈரோ. அதில் சுருதி சுத்தமான சத்தத்துக்குக் கழிவு எதுவும் கிடையாது.

ஆகவே ஹெட்போன் வாங்கவேண்டி வந்தது. வெளிச் சத்தத்தை அழிக்கிற வகை. வெளியிலிருந்து வரும் சத்தத்தைச் சின்ன மைக் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உண்டாக்கி இரண்டையும் மோதவிட்டு அழிக்கிறது. உறுமல் போன்ற தாழ்ந்த, மாறாத சத்தங்களில்தான் அதன் கெட்டித்தனம் கூட. இப்படி ஒரு ஹெட்போன் செய்யும் யோசனை 1978 இல் விமானத்தில் பறக்கும்போது தோன்றியது அமர் போஸ் என்பவருக்கு. அவருடைய தகப்பன் வங்காளத்தில் பிரிட்டிஷ் பொலிசுக்குத் தப்பி அமெரிக்காவுக்கு ஓடியவர். அரசாங்கத்துக்குப் பயந்து ஓடியவர்களுடைய பிள்ளைகள் சத்தத்தை ஒழிக்கும் தொழிலில் இறங்குவது எனக்கு நியாயமாகவே படுகிறது.

என் பிள்ளை அப்படி இறங்கவில்லை. அவள் படிக்கும்போது காதில் மாட்டியிருப்பதை ஒருநாள் வாங்கிக் கேட்டேன். மெதுவான பியானோ. அடியில் 'கிர்ர், டிக், கிர்ர்' என்று தேய்ந்த இசைத்தட்டின் சத்தம்.

"ஊசி பிழை போல கிடக்கு, பிள்ளை."

"ஊசியே இல்லை அப்பா. அது கொம்பியூட்டரில் செய்தது. அந்தச் சத்தம் வேணுமெண்டு போட்டது. அதுதான் ஸ்ரைல்."

நான் மாதக்கணக்காகக் காசு செலவழித்துத் துரத்தியதை இந்தத் தலைமுறை சந்தா கட்டி வரவழைக்கிறது. எங்கள் றெக்கோடிங் பார்க்காரர் இதைக் கேட்டால் அழுதுவிடுவார். எவ்வளவு இரைச்சலை அந்த மனுசன் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்.

அவளே இன்னொரு வேலையும் செய்தாள். ஊரிலிருந்து வந்த பெட்டியில் டைனமோ காலத்தில் றேடியோவிலிருந்து பதிந்த கசற் ஒன்று இருந்தது. உழக்கியவன் களைத்த இடத்தில் பதிவு வேகமெடுத்துக் கீச்சிடும். அதைக் கணினிக்குள் ஏற்றி, இரைச்சல் நீக்கும் மென்பொருளுக்குள் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் லண்டன் குரல் பக்கத்து அறையில் இருந்து பேசுவதுபோல வந்தது. டைனமோ போய்விட்டது. சிற்றலையின் 'உய்' போய்விட்டது. பக்கத்து வீட்டு நாய் போய்விட்டது. "மெதுவா உழக்கடா" என்ற அம்மாவும் போய்விட்டா. மென்பொருளின் தீர்ப்பில் அவவும் இரைச்சல். செய்தி மட்டும் மிச்சம். முப்பது வருஷத்துக்கு முந்திய செய்தி. அதன் முடிவு எல்லோருக்கும் தெரியும். பழைய பதிவை அழிக்காதே, இரண்டையும் வை என்று சொன்னேன். நான் போட்டுக் கேட்பது எது என்று மகள் கேட்கவில்லை.

இப்போது இந்த விஷயத்தில் எனக்குப் பெயர் வந்துவிட்டது. பக்கத்து ஊர்களான ஒல்னேயிலிருந்தும் பொண்டியிலிருந்தும் ஆட்கள் போன் எடுத்து, "அண்ணை, உங்களுக்கு உறுமல் தெரியுமாம்" என்கிறார்கள். அண்ணை எனக்குச் சொன்னதையே சொல்கிறேன். முதலில் வொலியூமைக் கூட்டிப் பாருங்கோ. பிறகு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கோ, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. கடைசியாக ரிவியின் அன்ரெனா வயர். பெரும்பாலும் அங்கே அகப்படும். தங்க முலாம் பூசிய வயரைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம், யோசிக்கவேண்டி வராது.

இவர்களில் சிலர் என்னைக் கேட்க முந்தியே உறுமலை நிறுத்திவிட்டு வருகிறார்கள். எப்படி என்று கேட்டால், எர்த் முள் இல்லாத இரண்டு கம்பி நீட்டு வயரில் அம்ப்ளிபயரைச் செருகினேன், உடனே நின்றுவிட்டது என்று ஒரு சந்தோஷம். உண்மைதான், நிற்கும். வட்டத்தை வெட்டினால் உறுமல் நிற்கத்தான் செய்யும். ஆனால் அந்த இரும்புப் பெட்டிக்குள் என்றாவது ஒரு வயர் தேய்ந்து உடம்பில் தொட்டால், அந்தக் கறண்ட் போவதற்கு இருந்த வழியையும் சேர்த்து வெட்டியாயிற்று. எர்த் இருந்தால் கறண்ட் அதன் வழியே கசியும்போதே, 30 மில்லி அம்பியரில், வாசலிலுள்ள பாதுகாப்பு சுவிட்ச் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் அது விழுவதற்கு முதலில் யாராவது பெட்டியைத் தொடவேண்டும். செவ்ரான் பக்கம் பழைய மாடிகளில் வரவேற்பறைச் சொக்கற்றில் எர்த் முள் இல்லாத வீடுகள் இன்னும் உண்டு. அங்கே கனமான பழைய அம்ப்ளிபயரை வைக்கப்போகிறவர்கள் முதலில் எலெக்ரீஷியனைக் கூப்பிடுங்கோ. உறுமலோடு பாட்டுக் கேட்கலாம், நாங்கள் வருஷக்கணக்காகக் கேட்டோம். வேறு எந்த வயரையும் கழற்றிப் பாருங்கோ, அந்த எர்த் கம்பியில் மட்டும் கை வைக்காதேங்கோ.